கேட்காமல் எழுதிய குறிப்பு

திண்டிவனத்திலிருந்து நண்பரின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது, எதிர்வீட்டுக்காரரின் குடும்ப அட்டையில் பெயர் திருத்த மனு எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு இப்படித்தான் காலை நேரம் போகிறது.

"பெரியப்பா, அப்பா கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம் வந்து நிக்குது. புதுசா மாத்திக்கிறீங்களா, ஃப்ரீதான்னு கேக்குது. அவரு அடிச்சிக்கினு இருக்கறப்ப குறுக்கால வந்துடுச்சா, பேஜாராயிட்டாரு. நான் ஸ்கூலுக்குக் கெளம்பணும். அமுக்கட்டா, வேணாவா?"

"எதையும் அமுக்காத."

"மேல ஒரு பெருக்கல் குறி இருக்கு."

"அதையும் அமுக்காத. கீழ, பிறகு நினைவூட்டுன்னு ஒண்ணு இருக்கும் பாரு. அத மட்டும் அமுக்கு."

"அமுக்கிட்டேன். போயிடுச்சு."

போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அரசாங்கத்தில் ஒத்திவைக்கப்பட்ட எதுவும் போய்விட்டதாக நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் அந்தக் கட்டம் திரும்ப வந்தது. இந்த முறை, இப்போதிருக்கும் பழைய இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது என்ற ஒரு வரியும் கூடவே வந்தது. புதிய இயங்குதளம் இலவசம், உங்கள் கணினி அதற்குத் தகுதி பெற்றுள்ளது என்றும் இருந்தது. விண்ணப்பம் போடாமல், முதுநிலைப் பட்டியல் இல்லாமல், யாரும் ஆட்சேபிக்காமல் ஒரு தகுதி கிடைத்ததை என் பணிக்காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை. அதுவே என் முதல் சந்தேகம்.

நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கண்காணிப்பாளராக இருந்த அலுவலகத்தில் அவர் தட்டச்சர். என்னைவிட நான்கு வயது இளையவர். மனைவி இறந்த பிறகு திண்டிவனத்தில் மகளுடன் இருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டுவிட்டது. நாக்கு புரளவில்லை. அறிவில் ஒரு குறையும் இல்லை. மருத்துவர் இதைச் சொன்னபோது மகள் ஆறுதலடைந்தாள். நான் ஆறுதலடையவில்லை. எல்லாம் தெரிந்து ஒன்றும் சொல்ல முடியாமல் இருப்பதைவிடப் பெரிய தண்டனையை எந்த நடத்தை விதியிலும் நான் படித்ததில்லை.

இடது கையால் எழுதிப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒரு நாள் மகள் அவரைக் கணினி முன்னால் உட்கார வைத்தாள். அந்த இயந்திரத்தை அவரும் நானும் விழுப்புரத்தில் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியிருந்தோம். அதில் பழைய தட்டச்சு முறைக்கான தமிழ் மென்பொருள் ஒன்று குறுந்தகட்டிலிருந்து ஏற்றப்பட்டிருந்தது. அவர் இடது கையை விசைப்பலகை மேல் வைத்தார். சிறிது நேரம் கழித்துத் திரையில் 'காபியில் சர்க்கரை போதவில்லை' என்று வந்தது. மகள் உள்ளே போய் அழுதுவிட்டு, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள்.

அதிலிருந்து அந்தக் கணினிதான் அவருடைய வாய். மகள் பள்ளிக்கூட ஆசிரியை. பகல் முழுவதும் அவர் வீட்டில் தனியாக இருப்பார். மதியம் பக்கத்து வீட்டம்மா சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுப் போவார். மற்றபடி கணினித் திரையில் செய்திப் பெட்டி ஒன்று எப்போதும் திறந்திருக்கும். அதில் அவர் அடிப்பது மகளுடைய கைப்பேசிக்குப் போகும். தலைமையாசிரியையிடம் சொல்லி, வகுப்பில் கைப்பேசியைக் கையருகிலேயே வைத்துக்கொள்ள அவள் அனுமதி வாங்கியிருந்தாள்.

அதனால் இங்கே கேள்வி ஒரு கணினியைப் பற்றியது அல்ல. புதியதை ஏற்றி, தமிழ் மென்பொருள் வேலை செய்யாமல் போனால் நண்பர் ஊமையாகிவிடுவார். ஏற்றாமல் விட்டு, பாதுகாப்பில்லாத பழைய இயந்திரத்தை எவனாவது முடக்கிப் போட்டாலும் ஊமையாகிவிடுவார். மகள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் நான் கணினி அறிந்தவன் என்பதல்ல. "நீங்க எதையும் படிக்காம கையெழுத்துப் போட மாட்டீங்க பெரியப்பா" என்றாள். உண்மைதான்.

புதிய இயங்குதளத்துக்கான ஒப்பந்தத்தை முழுவதும் படித்தேன். விழுப்புரம் மாவட்டத்தில் அதைப் படித்த ஒரே மனிதன் நானாக இருக்கலாம். அதில் ஏமாற்று என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லித்தான் இருக்கிறார்கள், யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில். ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். நீங்கள் தட்டச்சு செய்வதைப் பற்றிய விவரங்களை, மேம்பாட்டுக்காக எங்களுக்கு அனுப்பலாமா என்று ஒரு கேள்வி வரும், வேண்டாம் என்றும் சொல்லலாம் என்று இருந்தது. என்னைப் போன்றவனுக்கு இது சிறிய விஷயம். ஆனால் என் நண்பர் பேசுவதே தட்டச்சில்தான். அவர் மகளைக் கூப்பிடுவது, கோபிப்பது, வயிறு சரியில்லை என்று சொல்வது எல்லாம் அதில்தான். அதை அனுப்பச் சம்மதிப்பது, வீட்டுக்குள் பேசும் பேச்சையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து கேட்கச் சம்மதிப்பது போல. 'வேண்டாம்' என்பதைச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டேன்.

அடுத்து, என் கணினியில் செய்து பார்த்தேன். இரண்டும் ஒரே மாதிரி இயந்திரம் என்பதால் என்னுடையது கெட்டால் அவருடையது தப்பும்.

"ஒலகத்துல இருக்கிற ரூல் எல்லாம் தெரியும். சும்மா இருக்கிறதுக்கு மட்டும் ரூல் தெரியாது உங்களுக்கு" என்றாள் என் மனைவி.

ஒன்றரை மணி நேரம் ஓடிப் புதியது ஏறியது. பழைய குறுந்தகட்டைப் போட்டேன். அந்தத் தமிழ் மென்பொருள் திறக்கவே இல்லை. புதியதில் உள்ளேயே தமிழ் இருக்கிறது, கவலை வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். இருந்தது. அதில்தான் சிக்கல்.

பழைய தட்டச்சில், தாளில் எழுத்து எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையில் இடமிருந்து வலமாக அடிக்க வேண்டும். 'தேவை' என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு த. அதன் பிறகு இணைக்கொம்பு, கடைசியாக வ. புதியதில் எழுத்தை முதலில் அடித்து, கொம்பைப் பின்னால் அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான், கை போகும் வரிசை வேறு. நாற்பது ஆண்டுகள் கொம்பை முன்னால் அடித்த கை, சொன்னால் கேட்காது. என் கையே கேட்கவில்லை. 'தலை வலி' என்று அடித்துப் பார்த்தேன். திரையில் 'தைல வலி' என்று வந்தது.

ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்குத் தலைவலி என்றால் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டே கைப்பேசியை எட்டிப் பார்ப்பாள். அப்பா தைலம் கேட்கிறார், சாயங்காலம் வாங்கிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்வாள்.

கணினிக் கடை நடத்தும் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார், இது எல்லாக் கடையிலும் நடக்காது. "சார், கொம்ப முன்னாடி அடிச்சாலும் ஏத்துக்கிற மாதிரி ஒரு விசைப்பலகை மென்பொருள் இருக்குது. எறக்கிக் குடுக்கிறேன். அதுவும் ஃப்ரீதான்" என்றார்.

ஒரு இலவசத்தைச் சரிசெய்ய இன்னொரு இலவசம். வாங்கி வந்து போட்டேன். வேலை செய்தது. கொம்பு முதலில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். அடுத்த எழுத்து வந்ததும் அதனோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் செய்திப் பெட்டியில் மட்டும் எப்போதாவது அடுத்த எழுத்தோடு சேராமல் முன் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ஏன் என்று கடைக்கார அம்மாவுக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். புதியது பிடிக்காவிட்டால் பத்து நாளுக்குள் பழையதுக்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு முடியாது. மேல்முறையீட்டுக்குக் கால வரம்பு என்பது எனக்குப் பழகிய விஷயம். காலம் முடிந்த அடுத்த நாள்தான் எல்லோருக்கும் குறை தெரியவரும் என்பதும் பழகிய விஷயம்.

இவ்வளவையும் வைத்துக் குறிப்பு எழுதினேன். பொருள், பார்வை, ஏழு பத்திகள். ஏற்பதால் வரும் நன்மை, தீமை. மறுப்பதால் வரும் நன்மை, தீமை. கடைசிப் பத்தியில் என் பரிந்துரை: பழைய இயங்குதளத்தையே வைத்துக்கொள்ளலாம். ஆபத்து இணையம் வழியாக வருவதால் இணைய இணைப்பைத் துண்டித்துவிடலாம். நண்பர் எப்போதும் போல் அடிக்கலாம், மகள் மாலையில் வந்து திரையில் படித்துக்கொள்ளலாம். பகலில் அவசரத்துக்கு ஒரு அழைப்பு மணியைப் பக்கத்து வீடுவரை இழுத்துக் கட்டலாம். தட்டச்சு காப்பாற்றப்படும், செலவில்லை, யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நல்ல குறிப்பு. பணியில் இருந்தபோது எழுதியிருந்தால் அப்படியே ஒப்புதலாகியிருக்கும்.

மகளுடைய மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் காலை பத்தரை மணிக்கு அந்த முகவரியிலிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு சொல்.

'பேசுக.'

தொலைபேசியில் கூப்பிடச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இடைவேளை நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"நான் ஒண்ணும் அனுப்பலையே பெரியப்பா. காலைல இருந்து கிளாஸ்லதான் இருக்கேன். உங்க நோட்டக்கூட இன்னும் படிச்சு முடிக்கல. அஞ்சு பக்கம் இருக்குது."

"வீட்டு கம்ப்யூட்டர்ல உன் மெயில் தெறந்தேதான் இருக்குமா?"

"ஆமா. அப்பாதான்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். கோப்பைப் படித்த அதிகாரிக்குக் குறிப்பில் ஏதோ சரியில்லை என்று பட்டால், ஒப்புதலும் தர மாட்டார், மறுக்கவும் மாட்டார். ஓரத்தில் 'பேசுக' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். குறிப்பு எழுதியவன் கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரில் போய் நிற்க வேண்டும். நான் என் பணிக்காலத்தில் எத்தனையோ பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே காரணத்துக்காக. தொடர்புடைய நபரை விசாரித்தீரா என்று கேட்பேன். விசாரித்திருக்க மாட்டார்கள்.

ஏழு பத்திக் குறிப்பில் அவரிடம் கேட்டேன் என்று ஒரு வரி இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேச முடியாத மனிதர் ஒருவர், பேசுக என்று எனக்கு எழுதியிருந்தார்.

அடுத்த வாரம் ஒரு வேலைநாளில் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் போனேன். முண்டியம்பாக்கம் தாண்டும்வரை கையிலிருந்த குறிப்பைத் திருத்திக்கொண்டே போனேன். மயிலம் வந்தபோது மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்துவிட்டார். நண்பர் கணினி முன்னால் சக்கர நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி எதிர் நாற்காலியைக் காட்டினார். அலுவலகத்தில் நான் அவரை ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை. நின்றுகொண்டே சுருக்கெழுத்து எடுப்பார்.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் அடிக்கத் தொடங்கினார். ஒரு கையால் அடிப்பதால் ஒவ்வொரு வரிக்கும் நேரம் ஆகும். அந்த நேரத்தில் அடுத்தவர் குறுக்கே பேசக் கூடாது. இதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

'குறிப்பு நன்றாக உள்ளது. பரிந்துரை தவறு.'

"எப்படி?"

'நான் அடிப்பதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அடித்தது போய்ச் சேர வேண்டாமா.'

அவர் தொடர்ந்தார்.

'காலையில் அடித்ததை மாலையில் படித்தால் அது பேச்சு இல்லை சார். தபால்.'

"எழுத்து கொழம்பினா என்ன பண்ணுவீங்க? தலைவலின்னு அடிச்சா தைலம்னு போவுதய்யா. நானே பாத்தேன். உங்க உயிரு சமாச்சாரம்."

அவர் வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போனது. அது சிரிப்பு.

'உயிர் என்னுடையது. தங்கள் குறிப்பில் அது பத்தி நான்கில் உள்ளது. நான் எந்தப் பத்தியிலும் இல்லை.'

இதற்கு மேல் நான் மறைத்துப் பயனில்லை. எனக்கு அவருடைய விஷயத்தில் முடிவு சொல்லப் பயம். அதற்குக் காரணம் உண்டு. அவருக்கு உதவியாளராகப் பதவி உயர்வு வந்தபோது, வெளியூரில் இடம் போட்டிருந்தார்கள். மனைவி அறுவை சிகிச்சை முடிந்து படுத்த படுக்கையாக இருந்தார், மகள் கைக்குழந்தை. என்னிடம் யோசனை கேட்டார். தற்காலிகமாகத் துறந்து எழுதிக் கொடுத்துவிடு, கொஞ்ச காலம் கழித்துத் திரும்பப் பெயர் வரும் என்றேன். கடிதத்தை நானே சொன்னேன், அவர் அடித்தார், கையெழுத்துப் போட்டார், நான் மேலே அனுப்பினேன். அந்தக் கடிதத்தில் 'தற்காலிகமாக' என்ற சொல் இல்லை. பதவி உயர்வைத் துறக்கிறேன் என்று மட்டும் இருந்தது. அது என்றைக்குமான துறப்பாக ஏற்கப்பட்டது. இரண்டு முறை மனுப் போட்டோம். மனுதாரரின் சொந்தக் கடிதத்தின்படியே நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று இரண்டு முறையும் பதில் வந்தது. அவர் தட்டச்சராகவே ஓய்வு பெற்றார்.

அந்தச் சொல்லை நான் சொல்ல மறந்தேனா, அவர் அடிக்க மறந்தாரா என்று நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவர்தான் விட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அன்றைக்கு அவர் எதிரில் உட்கார்ந்து, "அந்த லெட்டர்ல அந்த வார்த்தைய நான் சொன்னேனா இல்லையான்னே எனக்கு ஞாபகம் இல்லய்யா" என்றேன். எந்த லெட்டர் என்று அவர் கேட்கவில்லை.

விசைகள் மெதுவாக ஒலித்தன.

'சொல்லவில்லை.'

பிறகு, 'அடிக்கும்போதே கவனித்தேன்.'

"பின்ன ஏன் கேக்கல?"

விசைகள் மறுபடி ஒலித்தன.

'வேண்டும் என்றே விட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஏதாவது விதி இருக்கும் என்று. சொன்னதை அடிப்பதுதான் என் வேலை.'

இவ்வளவு காலமும் நான் அந்தச் சொல்லைத் தெரிந்தேதான் விட்டேன் என்று ஒரு மனிதர் நினைத்துக்கொண்டு, பண்டிகைக்குப் பண்டிகை என் வீட்டுக்குப் பலகாரம் அனுப்பியிருக்கிறார். விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். எல்லா விளக்கமும் காலம் கடந்த மனுவாகத் தெரிந்தது. "மறந்துட்டேன்யா. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

'இப்போது தெரிகிறது' என்று அடித்தார். கொஞ்சம் கழித்து, 'புதியதை ஏற்றுங்கள். பத்து நாள் அவகாசம் போதும். இந்த முறை படித்துவிட்டுத்தான் அமுக்குவேன்.'

அவருடைய கோப்புகளைப் பிரதி எடுத்தேன். ஒப்பந்தத்தை அவர் படித்தார், நான் படித்ததைவிட வேகமாக. தட்டச்சு விவரம் அனுப்பலாமா என்ற கேள்வி வரும் என்று சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார். பிறகு சம்மதிக்கிறேன் என்ற பொத்தானை அவரே அமுக்கினார்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

அதன்பின் வந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். கணினி இல்லாதபோது அவரிடம் பேச்சு இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிவது வேறு, எதிரில் உட்கார்ந்திருப்பது வேறு. கொஞ்ச நேரத்தில் அவர் ஏதோ சொன்னார். அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம். எனக்குப் புரியவில்லை. "தண்ணி வேணுமா?" என்றேன். தலையசைத்தார், இல்லை. மின்விசிறியா, இல்லை. பாத்ரூமா, இல்லை. முதுகு வலிக்குதா, கூப்பிடட்டுமா யாரையாவது, படுக்க வைக்கட்டுமா. எல்லாவற்றுக்கும் இல்லை. சத்தம் பெரிதானது, முகம் சிவந்தது. எனக்குத் தெரிந்த விதிகளில் ஒன்றும் உதவவில்லை. கடைசியில் அவர் இடது கையால் என் வயிற்றைத் தொட்டு, சமையலறையைக் காட்டினார். அங்கே பக்கத்து வீட்டம்மா இரண்டு தட்டு மூடி வைத்துவிட்டுப் போயிருந்தார். என்னைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் இருவருக்கும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சாப்பிட்டு முடித்து, அவருக்கும் ஊட்டிவிட்டுத் திரும்பியபோது திரை வெளிச்சமாக இருந்தது. தட்டச்சு விவரம் பற்றிய கேள்வி வந்தது, 'வேண்டாம்' கொடுத்தோம். கடைக்கார அம்மா கொடுத்த விசைப்பலகையை ஏற்றினேன். செய்திப் பெட்டியைத் திறந்தேன். "அந்த வார்த்தைய அடிச்சுப் பாருங்க" என்றேன்.

அடித்தார். த. இணைக்கொம்பு புள்ளி வட்டத்தோடு நின்றது. ல வந்ததும் சேர்ந்துகொண்டது. 'தலை வலி.' சரியாக இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரி முடிந்தால் ஒரு விசையைத் தட்டி அடுத்த வரிக்குப் போவது அவருடைய பழக்கம். தட்டினார். செய்திப் பெட்டியில் அந்த விசை தட்டினால் செய்தி போய்விடும்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, என் கைப்பேசி அடித்தது.

"பெரியப்பா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? எப்ப இருந்து வலிக்குது? மூச்சு வாங்குதா, இடது கையத் தூக்கறாரா? நான் ஆட்டோல ஏறிட்டேன்."

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்காரு. சோதன பண்ணிப் பாத்தோம்."



"சோதனைக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா உங்க ரெண்டு பேருக்கும்? காபி, டீ, காக்கான்னு எதுனா அடிக்கக் கூடாதா?" பிறகு ஆட்டோக்காரரிடம், "வண்டியத் திருப்புங்கண்ணா" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள் என்று நினைக்கிறேன். அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

நண்பரின் தோள்கள் குலுங்கின. சத்தம் அதே அடித்தொண்டைச் சத்தம்தான். இந்த முறை எனக்கு அது புரிந்தது.

பத்து நாளும் நான் அவரை விசாரிக்கவில்லை. விசாரித்தால் பரிந்துரை செய்துவிடுவேன் என்று பயம். பத்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு அவரிடமிருந்தே செய்தி வந்தது.

'பழையதற்குத் திரும்பும் வசதி இன்றோடு முடிகிறது என்று காட்டுகிறது. நான் திரும்பவில்லை. தாங்கள் வர வேண்டியதில்லை.'

சரி என்று அடித்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு, 'ஏன்?' என்று அடித்து அனுப்பினேன்.

அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். நான் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை. காபி ஆறிய பிறகு பதில் வந்தது.

'இந்தப் பத்து நாளில் இரண்டு முறை கொம்பு இடம் மாறிப் போனது. நான் திருத்துவதற்குள் அனுப்பிவிட்டேன். இரண்டு முறையும் மகள், இப்படியா சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். தபாலில் அப்படிக் கேட்க முடியாது. மூன்றாவது முறை மாறினால் தங்களுக்குக் குறிப்பு வைக்கிறேன்.'